ஜீப் வந்தால் ஓடுங்கள் என்ற அக்காவுக்கு

அக்கா,

காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு வாசம் வந்தது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். நீங்கள் போன பிறகு உங்களை நினைத்து அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

அடிபட்டு இறங்கி வரும் மலைப் பெண்களுக்காகப் பச்சைமலை அடிவாரத்தில் நீங்கள் நடத்திய ஓட்டு வீட்டுக்கு, ஒடிந்த கையோடு வந்தவள் நான். நீங்கள் முதலில் சொன்னது ஆறுதல் இல்லை, சட்டம். "ஜீப் சத்தம் கேட்டா மரவள்ளிக் கொல்லைக்குள்ள பூந்துக்கணும். அது போறவரைக்கும் நானே கூப்பிட்டாலும் வரக்கூடாது." புருஷன்மார்கள் ஆள் கூட்டிக்கொண்டு வாடகை ஜீப்பில்தான் வருவார்கள். உங்களை மிரட்டியே எங்களைக் கூப்பிட வைப்பார்கள்.

அரசாங்க உதவித்தொகை தரலாமா என்று பார்க்க அதிகாரி வரும் நாளும் வந்தது. அது கிடைக்காவிட்டால் வீட்டை மூட வேண்டியதுதான், நாங்கள் அவரவர் புருஷனிடமே திரும்ப வேண்டியதுதான். வாசல் தெளித்தீர்கள், எங்களுக்குத் தலை வாரிவிட்டீர்கள், கிழங்கு அவித்தீர்கள். அதிகாரியும் ஜீப்பில்தான் வருவார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். அந்த அதிகாரி அம்மா இறங்கியபோது வீட்டில் அடுப்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. "வாங்கடி, இது கவர்மெண்டு ஜீப்பு" என்று தொண்டை கிழியக் கத்தினீர்கள். ஒருத்தியும் அசையவில்லை. அவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிறவர்களாக வளர்த்திருந்தீர்கள்.

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா அரசாங்கப் பணம்?" என்று அந்த அம்மா சொன்னது கொல்லை வரைக்கும் கேட்டது. வீடு போனால் நான் எங்கே போவேன்? எழுந்துவிட்டேன். வெளியே வந்து, "நான் இருக்கேங்க" என்றேன்.

அவர் என் கைக்கட்டைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். டிரைவரிடம், "நீ வண்டிய ரோட்டுக்குக் கொண்டு போ, நான் நடந்து வந்துக்கறேன்" என்றார். ஜீப் போனதும் செடிகளுக்கு நடுவே ஒவ்வொரு தலையாக முளைத்தது. நீங்கள் வாரிவிட்ட தலையெல்லாம் சருகும் மண்ணும். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிழங்கைக் கேட்டு வாங்கித் தின்றார்.

அவர் போனதும் என் காதைத் திருகினீர்கள். "பேச்ச மீறுனவ நீ ஒருத்திதான்டி" என்று திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டீர்கள். உதவித்தொகை வந்தது. நான் திரும்பிப் போகவில்லை. அக்கா, அன்று கொல்லைக்குள் எழுந்து நின்றவள் இன்றுவரை எவனுக்கும் ஒளியவில்லை.