ஹாலந்துக்காரனுக்கு ஓர் இலை

28-9-64. திங்கள்.

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். புளி ஊறப் போட்டாயிற்று. மண்ணெண்ணெய் தீரப் போகிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு அமெரிக்கக்காரர் பீட்டர். மறுபடியும்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் இங்கிலீஷ் சரளமாகப் பேசுபவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். கோழிப்பண்ணை வைக்கச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஓர் ஆள் வந்தால், மொழிபெயர்க்க இவர்தான். பகலெல்லாம் கோழி. சாயங்காலம் கோட்டை. ராத்திரி என் வீட்டுக் கூடம். ஊரில் பீட்டருக்குப் பெயர் 'கோழி தொரை'. நான் வைத்த பெயர் சக்களத்தி. இவரிடம் சொல்லவில்லை.

இன்றும் அதே கதை. பீட்டரின் கொள்ளுத்தாத்தா, ஹென்ரிக். ஹாலந்தில் பிறந்தவன். பிழைக்க வழி தேடி அப்பா அம்மாவோடு கப்பலேறி அமெரிக்கா போனான். காட்டை வெட்டி வீடு கட்டி, கல்யாணமாகி, குழந்தை தொட்டிலில் கிடக்கும்போது அந்த நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அடிமை வைத்துக்கொள்வோம் என்றவர்கள் தெற்கே. இவன் வடக்குப் பட்டாளத்தில். ஒரே சர்ச்சுக்குப் போன ஹாலந்துப் பையன்களாகச் சேர்ந்து போனார்களாம். அதிகாரி இங்கிலீஷில் கத்த, அவர்களில் ஒருவன் அதை டச்சில் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்.

"என்ன மாதிரியே ஒருத்தன் அங்கயும் இருந்திருக்கான் பாரு" என்று இவருக்கு ஒரே பெருமை.

ஒரு சண்டைக்குப் பிறகு ஹென்ரிக் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது இவர் கண்ணில் தண்ணீர். ரசச் சோற்றில் சொட்டும் அளவுக்கு. நான் பார்த்தேன்.

என் தம்பி ஏழுமலை, சீனாக்காரன் சண்டையில் காணாமல் போனவன். ஐப்பசி வந்தால் இரண்டு வருஷம். தந்தி வந்த அன்று இவர் என்ன செய்தார்? வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குக் காற்று அடித்தார்.

30-9. புதன்.

தூறல். வடகம் நனைந்துவிட்டது.

ஹென்ரிக் பற்றி இவருக்குத் தெரிந்தவை: இடது கைக்காரன். புல்லாங்குழல் ஊதுவான். குதிரையைக் கண்டால் பயம். பூட்ஸ் கடித்து ஒரு மாதம் நொண்டினான்.
ஏழுமலை பற்றி இவர் இந்த இரண்டு வருஷத்தில் பேசியவை: ஒன்றுமில்லை.

அவனும் இடது கைதான். கோலிக்குண்டு அடித்தால் ஊரில் எவனும் ஜெயிக்க முடியாது. யாராவது கேட்டார்களா?

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா குழாயடியில்: "உன் வூட்டுக்காரரு பஜார்ல அந்தத் தொரையோட தோள்ல கை போட்டுக்கினு போறாரு. இன்னாடி, எங்க வூட்டாளு என் கூட நடந்தாலே பத்தடி முன்னால போறாரு!"

சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டினேன்.

ராத்திரி இவர் ஆரம்பித்தார். ஹென்ரிக் செத்த தேதி யாருக்கும் தெரியாதாம். பீட்டர் வருத்தப்பட்டாராம். இவர் சும்மா இருப்பாரா? "தேதி தெரியாதவங்களுக்குன்னே எங்ககிட்ட ஒரு நாள் இருக்கு. மாளய அமாவாச. எங்க வூட்டுலயே படையல் போட்டுடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"போட்டுடலாம்னா யாரு போடறது?"

"நீதான் நல்லா சமைப்பியே."

ஐஸ் வைக்கிறார்.

2-10. வெள்ளி.

காந்தி ஜெயந்தி, லீவு. வெயில் சுள்ளென்று. இரண்டு பேரும் விடிந்ததும் கோட்டையில் ராஜகிரி மலை ஏறப் போய், மத்தியானம் சிவந்த முகத்தோடு திரும்பினார்கள். பீட்டர் கொல்லையில் முகம் கழுவும்போது அடுப்படியில் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"எவனோ ஹாலந்துக்காரன், செத்து நூறு வருஷம். அவனுக்கு அழுவுறீங்க, வடை பாயசம் போடறீங்க. ஏழுமலைக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ணு கலங்கினீங்களா?"

"நீதானே..." என்றார். நிறுத்திக்கொண்டார். செம்பை எடுத்துக்கொண்டு பீட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அதுதானே முக்கியம்.

3-10. சனி.

பஸ்ஸில் நின்றபடியே பனமலை. அம்மாவைப் பார்க்க. கருவாடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கென்று தெரியும். போன மாளய அமாவாசையன்று ஊரே சைவம் சமைக்க, அம்மா வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தெருவெல்லாம் மணக்க. இந்த வருஷமும் அதேதான்.

"எனக்கு யாரு செத்துட்டா? நான் இன்னாத்துக்கு அமாவாச புடிக்கணும்?"

படையல் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி, "அந்தப் புள்ளயோட அம்மா இன்னா பண்ணா?" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"அதான், கப்பல்ல போனவன். எத்தினி வருஷம் பாத்துக்கினு இருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி இவரிடம் கேட்டேன். இவருக்கும் தெரியவில்லை. பீட்டருக்கும் தெரியாதாம். பூட்ஸ் கடித்தது வரை தெரியும், பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாது. நல்ல கொள்ளுப்பேரன்.

4-10. ஞாயிறு.

வாங்கியது: வாழைக்காய், அவரை, பூசணி, வெல்லம், உ.பருப்பு. மசமசவென்று மழை. தலைவலி.

இந்தப் படையல் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாளோ என்று இருக்கிறது. தெரிந்துதான் இருக்கிறது. பின் எதற்கு இந்தப் பயம்?

5-10. திங்கள். அமாவாசை.

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வானம் வெளுத்திருந்தது. தலைக்குக் குளித்து, சாம்பார், பொரியல், வடை, பாயசம். எரிச்சலோடு சமைத்தாலும் பாயசம் நன்றாக வந்தது. பீட்டர் வேட்டி கட்டி வந்தார், இடுப்பில் பெல்ட் போட்டு. இவர் கூடத்தைத் துடைத்து விளக்கேற்றி, நுனி இலை ஒன்று போட்டார். ஹென்ரிக்குக்கு. பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

வடைத் தட்டோடு நான் வெளியே வரும்போது இவர் கையில் இன்னோர் இலை. முதல் இலைக்குப் பக்கத்தில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. தட்டைப் போட்டுவிட்டேன்.

"எடுங்க அத! மொதல்ல எடுங்க! ஏழுமல சாவல! அவனுக்கு எல போட உங்களுக்கு யாரு சொன்னது?"

இரண்டு வருஷத்தில் அவன் பெயரை இந்தக் கூடத்தில் இவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. வடை உருண்டு போயிற்று. பீட்டர் சுவரோடு ஒட்டி நின்றார்.

இவர் நிமிர்ந்தார். கோபம் இல்லை.

"இது பீட்டருக்கு. காக்கா எடுத்ததும் அவரு உக்காந்து சாப்புட."

இவர் குனிந்து வடைகளைப் பொறுக்கினார். பிறகு மெதுவாக, "தந்தி வந்த அன்னிக்கி நீ சொன்ன. 'யாரும் அழக்கூடாது, அழுதா அவன் செத்தவன் ஆயிடுவான்'னு. நான் அழல. எனக்கும் அவன் மச்சான்தானே. இந்த ஹாலந்துக்காரன் கதைய சொல்லச் சொல்ல... அதுல அழுதுக்கினேன்."

பீட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் மொழிபெயர்க்கவும் இல்லை.

புதிதாக வடை தட்டினேன். காக்கை வந்தது. பீட்டர் கையெடுத்துக் கும்பிட்டு, எங்கள் மாதிரியே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இத்தனை நாள் இவர் கண்ணீர் மேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த இலை மேல். ஹென்ரிக்குக்கு ஒன்று கிடைக்கிறதே, என் தம்பிக்கு இல்லையே என்று. இவர் மனதில்கூட ஏழுமலைக்கு இலை போடவில்லை. அம்மா கருவாடு காய வைத்துக்கொண்டிருக்கிறாள். வெறும் வாழையிலையைப் பார்த்ததும் அதில் அவனை உட்கார வைத்தவள் நான் ஒருத்திதான்.

அம்மாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?