ஒற்றை முத்து

தூத்துக்குடி,
ஞாயிறு.

அன்புள்ள செந்தூர்வேலுக்கு அம்மா எழுதுவது. இன்று எழுந்ததும் முதல் வேலையாக வாசல் நிலையில் காய்ந்துபோயிருந்த வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதுக் கொத்து செருகினேன். பதறாதே, நானும் அப்பாவும் நல்ல சுகம், நம் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை, தெருவுக்குத்தான் அது தெரியாது. நீயும் ராட்டர்டாம் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் கடிதம்.

என் ஆராய்ச்சிப் படிகத்தைக் கல்லூரியில் வளர்க்க முடியாமல் நடு அறைக்குக் கொண்டுவந்தேன் அல்லவா, கண்ணுக்குத் தெரியாத லேசரை உள்ளே விட்டால் பச்சை ஒளியாக மாற்றித் தரவேண்டிய படிகம், அதில் வந்த வினை இது. பீக்கரில் கரைசல், மேலே ஊசித்துளை போட்ட தாள், மெல்ல ஆவியாகி ஒன்றே ஒன்று வளரவேண்டும், கொஞ்சம் அதிர்ந்தாலும் அடியில் குட்டிக் குட்டியாக முளைத்துக் கெடுத்துவிடும். ஆகவே மிக்சி இல்லை, கிரைண்டர் இல்லை, கஞ்சியும் மோர்ச்சோறும்தான். நான் லீவு போட்டு உள்ளேயே கிடந்தேன், வந்தவர்களை அப்பா கேட்டோடு அனுப்பினார். "ஆறுமுகநேரி உப்பளத்துல லாரி லாரியா அள்ளுதான், நீ ஒத்தைக் கல்லுக்குத் தவங் கெடக்க" என்று ஒன்பது வருடம் கேலி செய்த அதே மனுஷர், அது பாக்கு அளவு வளர்ந்ததும் முத்து என்று பேர் வைத்துவிட்டார். எதிர்வீட்டு சீனித்தாய் பெரியம்மா வந்து கேட்டதற்கு, "உள்ள முத்து ஒண்ணு போட்டிருக்கு மதினி, ரெண்டு வாரத்துல எறங்கிரும், சத்தங் காட்டாதீங்க" என்றிருக்கிறார். அவள் அம்மை முத்து என்று எடுத்துக்கொண்டாள். அரைமணி நேரத்தில் வாசலில் வேப்பிலை, நாலு இளநீர். "ஏளா சுந்தரி, ஒத்தை முத்துன்னாலும் ஆத்தா ஆத்தாதான், கடுகு தாளிச்சிராத" என்று கேட்டுக்கு வெளியே நின்று கத்துகிறாள். தண்ணீர் லாரிகூடத் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. யாரும் சொல்லாமலே அப்பா சவரத்தை நிறுத்திவிட்டார். அவர் கடைக்குப் பெயின்ட் வாங்க வருகிறவர்கள் ரோட்டில் நின்றே கலர் சொல்கிறார்களாம்.

நான் ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இந்த வயதில் ஒருத்திக்கு யாரும் கதவைத் தட்டாத இரண்டு வாரம் வேண்டுமென்றால் அம்மையே வரவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, இளநீர் நன்றாகவும் இருந்தது. படிகம் ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்துவிட்டது.

வியாழனன்று என் கைடு ரோச் சார் வந்தார். பெரியம்மா அவரை மஞ்சள் தண்ணீரில் கால் கழுவவைத்துத்தான் உள்ளே விட்டாள். ஈரக்காலோடு பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றவர், "டீச்சர், இதத் தொட்டுராதீங்க, காலேஜ் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கண்ணாடிப் பெட்டியில வைப்போம்" என்றார். ஆனால் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது, பச்சை ஒளி வந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, ஒன்பது வருடமும் போய்விடும். முழுதாக அறுத்து மெருகேற்றிச் சோதிக்க நாலு மாதம் வரிசை. பொடியாக இருந்தால் பெங்களூரில் வரும் புதன்கிழமையே பார்த்துவிடுவார்கள். முன்பு வளர்ந்ததெல்லாம் கலங்கல், இரண்டு தடவை அனுப்பியும் ஒளி வரவில்லை. இதில் ஒரு மூலையை மட்டும் எடுக்கலாமே என்பாய், தட்டினால் முழுக்க விரிசல் ஓடிவிடும். அப்பாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "வளத்தத யாராவது அரைப்பாகளா" என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். பீக்கர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மனுஷரிடம் என்ன சொல்ல. செவ்வாய்க்கிழமை எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் பெரியம்மா தெருவையே கூப்பிட்டிருக்கிறாள்.

நீ ஈர சாக்ஸோடு வேலைக்குப் போகாதே. அம்மைத் தடுப்பூசி இரண்டாவது டோஸ் போட்டாயா என்று பார், இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் பேர்க்காரன் திருச்செந்தூரில் இருந்தே உன்னைக் கண்பார்க்கட்டும். அப்பாவிடம் எதையும் உளறிவிடாதே, இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை அவர் கடைக்குப் போனதும் அதை வெளியே எடுத்துத் துடைத்து அரைத்துவிடப் போகிறேன். பொடியை எடுத்துக்கொண்டு சாயங்காலம் நானே பெங்களூர் வழியாகப் போகும் மைசூர் ரயில் ஏறுகிறேன், தெரு பார்த்தால் பார்க்கட்டும்.

உன் அம்மா,
கா. சண்முகசுந்தரி