மூன்றாம் முறை கூப்பிட்டபோது

சமூகத் தலைமைப் பயிற்சி மையம்,
பல்கலைக்கழக வளாகம்
6.1.1979

என் நீலாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் "என்னடி, ஆபீஸ் கடிதமா?" என்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். காரைக்காலில் நீ நடத்தும் பெண்கள் பயிற்சியின் நிறைவு விழாவுக்குக் காரைக்கால் அரசு நிர்வாகியே வரச் சம்மதித்துவிட்டார். பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். நான் இன்னும் தற்காலிகத் தலைவராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த விழா நன்றாக நடந்தால் அந்தத் 'தற்காலிகம்' போய்விடும் என்று துணைவேந்தர் ஜாடையாகச் சொன்னார்.

உன் பெரியநாயகிதான் பேச வேண்டும். போன மாதம் நான் வந்தபோது மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாளே, ஏலத்தில் வெளியூர் வேன்காரர்கள் எடுத்த பிறகு மிச்சம்தான் ஊர்ப் பெண்களுக்கு என்று, அதை அப்படியே மேடையில் சொல்லட்டும். பயிற்சி பெற்ற ஒருத்தி எழுந்து பேசாமல் நாம் எந்த விழாவையும் முடித்ததில்லை.

ஹாஸ்டலில் என் பங்கு ஊறுகாயையும் சேர்த்துத் தின்றவள் நீ. இதையாவது எனக்காகச் செய்.

அன்புடன்,
சொர்ணம்


காரைக்கால்
12.1.1979

அன்புள்ள சொர்ணத்துக்கு,

இருவரும் விரிவுரையாளர்களாகி இத்தனை வருஷமாகியும் ஊறுகாயை நீ மறக்கவில்லை. தலைவர் பதவிக்கு வேண்டிய குணம்தான்.

பெரியநாயகி பேசுவாள். அவளுக்குப் பயம் கிடையாது, பயமெல்லாம் எனக்குத்தான். பட்டினச்சேரி தாண்டி இருக்கும் அவளுடைய சின்ன மீனவக் குப்பத்துக்கு, எழுபத்தேழில் புயலடித்த மறுவாரத்திலிருந்து போய்வருகிறேன். ஊர் விவகாரத்தை முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதிலும் பெண்கள் பஞ்சாயத்தில் உட்கார முடியாது. உனக்குக் கோபம் வரும், எனக்கும் வருகிறது. இருந்தாலும் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் உத்திராபதியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா? முதலில் கத்துவார், பிறகு காதுகொடுத்துக் கேட்பார்.

பூவத்திலிருந்து அப்பா புது அரிசி அனுப்பியிருக்கிறார். நீ வரும்போது உனக்குப் பொங்கிப் போடுகிறேன்.

உன்
நீலா


மையம்
17.1.1979

நீலா,

சொல்லவே சொல்லாதே. சொன்னால் அவளை வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள். நாட்டாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேசுகிறவளைத் தலைவி என்று நாம் எந்த முகத்தோடு சொல்வது? ஏதாவது வந்தால் பொறுப்பு என்னுடையது. எழுத்திலேயே தருகிறேன், போதுமா?

புது அரிசிக்காகவே ஒரு நாள் முன்னதாக வருகிறேன்.

சொர்ணம்


காரைக்கால்
5.2.1979

அன்புள்ள சொர்ணத்துக்கு,

மேடையில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ அழுதாய். நானும் கீழே நின்று அழுதேன். அவள் பேசியது அப்படி இருந்தது. மறுநாள் பேப்பரில் அவள் படத்தோடு செய்தி வந்தது. அன்று சாயங்காலமே பஞ்சாயத்துக் கூடிவிட்டது.

பெரியநாயகி வீட்டை ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவள் புருஷன் தங்கையனை எந்த வள்ளத்திலும் ஏற்றுவதில்லை. அவளுக்கு ஏலத்தில் மீன் கிடையாது, கடையில் உப்புகூடக் கிடையாது. காரைக்கால்மேடு வரை நடந்து போய்ப் பார்த்தாள். அங்கேயும் சேதி முன்னாலேயே போய்விட்டது. மீறி விற்கிறவனுக்கும் இதே கதி என்று யாரும் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் நாட்டாரிடம் போனேன். மேடையில் ஏற்றியது நாங்கள்தான் என்றேன். "ஏத்திவிட்டது யாரு பொறுப்புல? அவங்க வந்து சொல்லட்டும். நீ சம்பளத்துக்கு வந்த பொண்ணு, உன் மேல என்ன கோவம் எனக்கு?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒரு நாள் வந்துவிட்டுப் போ, சொர்ணம்.

நீலா


மையம்
10.2.1979

என் நீலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பார். ஒரு பெண் உண்மையைச் சொன்னாள். அதற்காகப் பல்கலைக்கழகம் போய், பெண்களை உட்காரவிடாத ஒரு பஞ்சாயத்தின் முன்னால் கைகட்டி நின்றால், அவள் சொன்னதே தப்பு என்று நாம் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? நாளைக்கு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன். சட்டம் இருக்கிறது. கொஞ்சம் பொறு.

நீ மெலிந்துவிட்டதாக விழாவில் எல்லோரும் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

சொர்ணம்


காரைக்கால்
16.2.1979

அன்புள்ள சொர்ணத்துக்கு,

சட்டம் இருக்கிறது. ஒரு கான்ஸ்டபிள் வந்தார், கோயில் வாசலில் டீ குடித்தார், போய்விட்டார். அதன் பிறகு பெரியநாயகி வீட்டுக் குழந்தைகளோடு விளையாட வந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் வருவதில்லை.

நீ கேட்ட கேள்வியை அவளிடமே கேட்டேன். "நான் சொன்னத மாத்திச் சொல்ல மாட்டேங்க. யாரும் எனக்காவ மன்னிப்பும் கேக்க வேணாம். ஆனா நானா போயி ஏறல, நாங்கதான் ஏத்துனோம்னு ஒருத்தர் வந்து நிக்கணும்ல?" என்றாள். இதில் கைகட்டுவது எங்கே இருக்கிறது, சொல்.

மாசி மகத்துக்கு முந்திய ஞாயிறு, மார்ச் பதினொன்று, பஞ்சாயத்துக் கூடுகிறது. திருவிழாவுக்கு முன் எல்லா வழக்கையும் முடித்துவிடுவார்கள். பொறுப்பாளியின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள். அந்த ஆள் எழுந்து நின்றால் பழி அவரோடு போகும், பெரியநாயகி வீடு விடுபடும். மூன்றாம் முறையும் யாரும் எழவில்லை என்றால் தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான். வேறு கரை தேடிப் போக வேண்டியதுதான். அவர்களை எந்தக் கரை சேர்க்கும்?

உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

நீலா


மையம்
24.2.1979

என் நீலாவுக்கு,

வருகிறேன். அவள் கேட்டது நியாயம், எனக்குத்தான் புரிய இத்தனை நாளாயிற்று. பத்தாம் தேதி சாயங்காலம் பேரளத்தில் வண்டி மாறி வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வா. அரிசி மிச்சம் இருக்கிறதா?

உன்
சொர்ணம்


மையம்
9.3.1979
(நேரில், திரு. சோமசேகரன் மூலம்)

நீலா,

கோபப்படாமல் படி. ஞாயிறன்று டெல்லியிலிருந்து குழு வருகிறது. நேற்றுதான் தெரியும். அன்றைக்கு நான் இங்கே இல்லாவிட்டால் மையமே கைவிட்டுப் போகும் என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். மையம் இருந்தால்தானே இன்னும் நூறு பெரியநாயகிகளுக்கு நாம் ஏதாவது செய்ய முடியும்? நம் ஆராய்ச்சி உதவியாளர் சோமசேகரனிடம் என் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். முழுப் பொறுப்பும் என்னுடையது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்டினால் போதாதா? அடுத்த வாரம் நானே வந்து எல்லோரையும் பார்க்கிறேன்.

சொர்ணம்


காரைக்கால்
20.3.1979

அன்புள்ள சொர்ணாம்பாளுக்கு,

அடுத்த வாரமும் போய்விட்டது. நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் ஆண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்கள் எட்ட, வலைக் குவியல்களுக்குப் பின்னால் இருந்தார்கள். வெளியூர் ஆட்கள் என்று நமக்குப் பாய் போட்டிருந்தார்கள், எனக்கு ஒன்று, பக்கத்தில் உனக்கு ஒன்று. உன் பாயில் உட்காரப்போன சோமசேகரனை, "அது அந்த அம்மாவுக்கு" என்று எழுப்பிவிட்டார்கள். அவர் உன் கடிதத்தை நீட்டினார். உத்திராபதி அதைத் தொடவில்லை. "கடுதாசி எந்திரிச்சு நிக்குமா தம்பி?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கூப்பிட்டார்கள். "சொர்ணாம்பாள் வந்திருக்காங்களா?" ரோட்டுப் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கடைசி நிமிஷத்திலாவது ஒரு டாக்ஸி வந்து நிற்கும் என்று நம்பினேன், சொர்ணம். அவ்வளவு முட்டாள் நான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியநாயகி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை நான் எழுந்தேன். "வந்திருக்கேன்" என்றேன்.

"நீ நீலாயதாட்சில்ல?" என்றார் நாட்டார்.

"இன்னைக்கு அவங்களா வந்திருக்கேங்க. பெரியநாயகி பொய் சொல்லல. உங்ககிட்ட சொல்லாம மேடையில ஏத்துனது நாங்க."

அவர் பக்கத்திலிருந்த பெரியவர்களோடு தாழ்ந்த குரலில் கலந்து பேசினார். கடைசியில், சரி, நின்ற ஆள்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னார். பெரியநாயகி வீடு விடுபட்டது. இனி நம் மையம் அந்தக் குப்பத்துக்குள் வரக் கூடாது. எழுந்து நின்றவளும் வரக் கூடாது, குப்பத்தார் யாரும் அவளோடு பேசவும் கூடாது. ஏலத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. வேன்கள் இன்றைக்கும் வருகின்றன.

மறுநாள் விடிய தங்கையன் கடலுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். மாசி மகத்துக்குப் பெருமாள் கடற்கரைக்கு வந்தபோது பெரியநாயகி புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றாளாம். நீ விழாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த புடவை. பார்க்க எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

நேற்று அவள் கூடையோடு என் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்கு வீடு நின்று கூவியவள் என் வாசலில் மட்டும் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது, வேறெங்கும் கூவாத குரலில், தெருவே அதிர "மீனேய்..." என்று கூவிக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். தெருக்கோடி வரை கேட்டேன்.

ராஜினாமாவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பூவத்தில் அப்பாவோடு இருப்பேன், பள்ளிக்கூட வேலை ஒன்று தேடிக்கொள்வேன். உன் 'தற்காலிகம்' போய்விட்டது என்று சோமசேகரன் எழுதியிருந்தார். நீ நல்ல தலைவராக இருப்பாய். இதை வயிற்றெரிச்சலில் எழுதவில்லை, உன்னை எனக்குத் தெரியும்.

நீ வர வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம். உன்னை மூன்று முறை கூப்பிட்டார்கள். அதற்கு மேல் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை.

இப்படிக்கு,
நீலாயதாட்சி