ஏழுமலை பேருக்கு வந்த பாடு

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஏரிப் பக்கம் காற்றே இல்லை. அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை, பாதிப் பேர் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலை. மிஷின் சொல்லியாகிவிட்டது.

செய்ய வேண்டியவை:
– எளாவூர் செக்போஸ்ட் நிழற்குடை. பி.டி.ஓ.வுக்கு மறுபடி போன்.
– சுகர் டெஸ்ட். (வீட்டுக்காரி சரோஜா விடமாட்டாள்.)
– 20, வெள்ளி, சாவடிக்குப்பத்தில் பாடு சீட்டு எடுப்பு. புது வேட்டி.

மீன்வளத் துறைக்குப் புதிதாக வந்த அதிகாரி மரியாதைக்குப் பார்க்க வந்தார். நல்ல பையன். பாடு என்றால் என்ன சார் என்று கேட்டார். சொன்னேன். ஏரியில் மீன் விழுகிற இடம் கொஞ்சம், வலை நிறைய. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் குடும்பத்துக்கு ஒரு முறை. அந்த முறைதான் பாடு. வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் முன்னால் குடத்தில் பெயர்களைப் போட்டுச் சீட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முடிவாகும். போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. அவருக்கு ஆச்சரியம். எனக்குப் பெருமை, என்னமோ நானே கண்டுபிடித்த மாதிரி.

சீட்டு எடுப்பது நான்தான். எனக்கு முன்னால் என்னைப் பெற்ற நைனா. எங்களுடையது நெல் விளைகிற ஊர், ஏரியில் ஒரு பங்கும் கிடையாது. அதனால் எங்கள் கை சுத்தம் என்று குப்பத்தில் நம்புகிறார்கள். எம்.எல்.ஏ. ஆனதைவிட எனக்கு இதுதான் பெரிசு. வெளியில் சொல்ல முடியாது.

பங்குனி 10, செவ்வாய்

சாவடிக்குப்பத்திலிருந்து தேசம்மா வந்தாள். புருஷன் ஏழுமலை போன ஆடியில் ஏரியில் இடி விழுந்து போனான். இரண்டு பெண் குழந்தைகள். இந்த வருஷம் ஏழுமலையின் பாடு யாருக்கு என்பதுதான் பேச்சு. பொம்பளைக்குப் பாடு கிடையாது என்று ஊர்த் தலைவர் ஆறுமுகம் சொல்லிவிட்டார். கொழுந்தன் குமார் தனக்கு வேண்டும் என்கிறான்.

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். ஊர் வைத்த முறை, நான் கை வைக்க முடியாது, கொழுந்தனே வலை போடட்டும், பங்கு கொடுக்கச் சொல்கிறேன் என்றேன். ஒரு மாசம் கொடுப்பான், அப்புறம் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"வழக்கத்த மாத்துங்கன்னு நான் கேக்க வரல ஐயா. வழக்கத்துல எனக்கு இன்னா இருக்குதுன்னு பாத்து சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க."

மூன்று தடவை ஜெயித்திருக்கிறேன். ஒருத்தரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வருகிறவர்கள் மாற்றச் சொல்வார்கள், இல்லை மாற்றாதே என்பார்கள்.

வலையை யார் போடுவது என்று கேட்டேன். மஞ்சள் காமாலையில் படுத்தவன், கப்பல் வேலைக்குப் போனவன் எல்லாம் ஆள் வைத்துத்தானே போடுகிறான், நானும் வைப்பேன் என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

சரோஜா காபி கொடுக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ கேட்டதுல இன்னா தப்பு என்றாள். தப்பே இல்லை, அதுதான் பேஜார் என்றேன்.

பங்குனி 12, வியாழன்

சென்னை. சட்டசபை. ஏ.சி.யில் தொண்டை கட்டிக்கொண்டது. கேன்டீன் பொங்கல் பரவாயில்லை.

லாபியில் இளசுகள் 'பழைய பஞ்சாங்கம் வந்தாச்சு' என்று கிண்டல். கோபமெல்லாம் வருவதில்லை. நல்ல நாள் பார்க்க அவர்கள் வீட்டிலும் பஞ்சாங்கத்தைத்தான் எடுக்கிறார்கள். முதல் தடவை ஜெயித்து வந்தபோது பேசினேன், ஊர் கூடி வைத்த வழக்கத்தில் சட்டம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று. எங்கள் பக்கம் மேஜை தட்டினார்கள். பேப்பரில் வந்த என் ஒரே பேச்சு அது. இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் தேசம்மா அதே பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் என் வாசலில் நிற்கிறாள்.

திரும்பும்போது மீஞ்சூரில் டிராபிக். லாரி, லாரி, லாரி. கண்ணை மூடினேன். திடீரென்று ஒரு ஞாபகம். நான் காலேஜ் படித்த காலம். நைனா சீட்டு எடுக்கிறார். செத்துப்போன ஒருத்தர் பெயர் வருகிறது. ஆம்பளைகள் உட்கார்ந்த வட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், 'இருக்கேன்' என்று. நைனா சீட்டைக் கொடுத்தார். கொடுத்தாரா? கொடுத்தார். யார் அது? ஆறுமுகத்தின் அம்மா என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

டிரைவர் கஜாவிடம் சொன்னேன். "அண்ணா, எலெக்சன் வருது. ஆறுமுகம் பின்னாடி மொத்த குப்பமும் கீது. உங்களுக்கு எதுக்குண்ணா இந்த வம்பு?" என்றான். நியாயம்தான்.

பங்குனி 15, ஞாயிறு

சாவடிக்குப்பம் போனேன். நல்ல காற்று, மனசுக்கு இதம். ஆறுமுகம் வீட்டில் டீ, வறுத்த நெத்திலி. கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படகுத் துறையில் சிமென்ட் பெயர்ந்திருக்கிறதாமே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எல்லாரையும் அனுப்பினேன். நாலு பேர் முன்னால் கேட்கிற விஷயமில்லை.

முதலில் பொதுவாகக் கேட்டேன். செத்தவன் பெயரைக் குடத்திலிருந்து எப்போது எடுப்பீர்கள்? வருஷத் திதி முடிந்த பிறகு என்றார். ஏழுமலைக்கு ஆடியில்தானே திதி, அப்படியென்றால் பெயர் இருக்கும்? இருக்கும் என்றார். பெயரைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? அந்த வீட்டு ஆள் என்றார். அப்புறம்தான் அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

டம்ளரில் மீதியிருந்த டீயை வாசலில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மாதான். எங்க நைனா செத்த வருசம். நான் அப்ப கைப்புள்ள. ஆனா அது வேற, இது வேற ஐயா."

எப்படி வேறே என்று கேட்டேன்.

"அது எங்கம்மா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொஞ்சம் முறைத்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. சீட்டு எடுக்கிறவர் பெயரைத் தவிர வேறு பேசக் கூடாது, அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். அதுவும் வழக்கம்தான். என் ஆயுதத்தை என் மேலேயே வீசினார் மனுஷன். பிடித்திருந்தது.

பங்குனி 18, புதன்

சுகர் கூடியிருக்கிறது. சரோஜா மாம்பழத்துக்குத் தடை உத்தரவு.

கட்சி மாவட்ட ஆபீசிலிருந்து போன். குப்பத்துக்காரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாமாம், வேட்பாளர் தேர்வு நடக்கிற சமயமாம். நான் யாரையும் பகைக்கவில்லை, யாருக்கும் தெரியாத புது விஷயம் ஒன்றும் பேசவில்லை என்றேன். சீட் கிடைக்காமல் போனால் வருத்தமாக இருக்கும். இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் நல்ல தூக்கம்.

தேசம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் எல்லாம் சொன்னேன். பெயரை மூன்று தடவை கூப்பிடுவேன். முதல் தடவையே சொன்னால் ஆலாய்ப் பறந்த மாதிரி இருக்கும், இரண்டாவது தடவை சொல்லு என்றேன். சரி ஐயா சரி ஐயா என்றாள்.

பங்குனி 20, வெள்ளி

சீட்டு முடிந்தது.

காலையில் அம்மனுக்குப் பொங்கல், கற்பூரம். ஆம்பளைகள் வட்டமாக மணலில். பெண்கள் பின்னால் படகு நிழலில். குடத்தில் கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதிக்கு மேல் போயும் அவன் பெயர் வரவில்லை. எனக்குத்தான் வியர்த்தது. அப்புறம் வந்தது.

மோ. ஏழுமலை.

நான் வாயை மூடக்கூட இல்லை, "இருக்கேன்" என்றாள். முதல் தடவையே! அத்தனை தூரம் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றும் காதில் வாங்கவில்லை.

குமார் பாதி எழுந்துவிட்டான். எல்லாரும் ஆறுமுகத்தைப் பார்த்தார்கள். பேசக் கூடாதவன் நான், சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். சட்டசபையில் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறுமுகம் யாரையும் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஐயா எம்மா நேரம் சீட்ட புட்ச்சிக்கினு நிப்பாரு? வழி வுடுங்கடா."

நகர்ந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குமார் உட்கார்ந்துவிட்டான். அடுத்த பெயரைக் கூப்பிட இரண்டு தடவை செருமினேன்.

அவளுக்கு விழுந்தது பெரிய இடமில்லை, நடுத்தரம். முதல் முறையே ஞாயிற்றுக்கிழமை.

பங்குனி 22, ஞாயிறு

கொஞ்சம் மேகம். காலை இட்லி, இரண்டே இரண்டு.

கஜா செய்தி கொண்டுவந்தான். தேசம்மா ஆள் வைத்து வலை போட்டாள், தானும் படகில் போய் உட்கார்ந்தாளாம். இறால் சுமாராக விழுந்ததாம். சரோஜா கேட்டுவிட்டுத் தனக்கே விழுந்த மாதிரி வீடு முழுக்கப் பேசிக்கொண்டு திரிந்தாள். சந்தோஷமாக இருக்கிறது. அவ்வளவுதான், வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

மத்தியானம் ஆறுமுகம் போன். குரலில் எரிச்சல் பாதி, வேடிக்கை பாதி. வேறு மூன்று பெண்கள் அவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒருத்திக்குப் புருஷன் இல்லை. ஒருத்தி புருஷன் கப்பலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த இரண்டையும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்றார்.

"மூணாவது பொம்பளைக்குப் புருசன் குத்துக்கல்லு மாதிரி கீறான். குடிச்சிட்டு வலைய வித்துட்டான். அவ, பாட்டை எம் பேருக்கு மாத்துன்றா. இதுக்கு உங்க வழக்கத்துல இன்னா கீதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

தேடினால் இருக்கும் என்றேன்.