ஃபிலுவுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது

ஜூன் 5, வியாழன்

மெரினுக்குக் காய்ச்சல் விட்டது. நான்கு முறை வைத்துப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது முறை எடுத்தபோது அம்மா தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இருபதாம் தேதி கான்சுலேட்டில் நேரம். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்தது. என் கணவர் லூர்துபிரகாஷின் பிள்ளை என்று மெரின் பெயர் பிரெஞ்சுப் பதிவில் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் பிரான்சுக்கு அவரிடம் போவது. எல்லாம் சேர்த்துவிட்டேன். பாக்கி ஒன்றுதான் — அவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். அசலே வேண்டுமாம்.

போனில் கேட்டேன். "அனுப்பிடறேன் ஜோ. சனிக்கிழம படகு எடுக்கறோம்ல, அந்த டென்ஷன்ல இருக்கேன்."

படகுக்கு என்ன டென்ஷன்?

ஜூன் 7, சனி

பிரகாஷின் அம்மா, அத்தைக்கு அறுபது வயது. அதற்காக ஒரு வாரம் கால்வாயில் படகு. அத்தை, பிரகாஷ், நாத்தனார், அவர்கள் வீட்டு நாய் ஃபிலு. வீடியோவில் காட்டினார்கள். உள்ளேயே அடுப்பு, கட்டில், குளியலறை. ஓரத்துக் கம்பி முழங்கால் உயரம்தான். மெரினை அதில் எப்படி விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அத்தை ஒரு நீலப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "பாரு ஜோவிதா, ஃபிலுவோட பாஸ்போர்ட்டு! நாய் டாக்டர்கிட்ட போனோம், பத்து நிமிஷத்துல குடுத்துட்டாங்க."

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 10, செவ்வாய்

நடந்து போகிறவர்கள் படகை முந்திவிடுகிறார்களாம், அவ்வளவு மெதுவு. வழியெல்லாம் 'எக்லூஸ்'. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி, மேலே ஏற்றி, அடுத்த கதவைத் திறந்துவிடுவார்களாம். இன்றைக்கு மட்டும் ஒன்பது. ஓர் இடத்தில் கதவு திறக்கிற ஆள் சாப்பிடப் போய்விட்டதால், ஒரு மணி நேரம் படகைக் கட்டிப்போட்டு ஒயின் குடித்தார்களாம். ஃபிலு வாத்தைத் துரத்தியதாம்.

"விண்ணப்பம்?"

"பையிலதான் இருக்கு. அடுத்த எக்லூஸாண்ட ஒரு ஊரு வருது, போஸ்ட்டாபீஸ் இருக்கும்."

நேற்றும் அடுத்த எக்லூஸ்தான்.

ஜூன் 11, புதன்

நாளைக்கு அனுப்பினாலும் பத்தொன்பதுக்குள் வந்துவிடும். வரும். வரணும்.

ஜூன் 13, வெள்ளி

அனுப்பவில்லை.

ஊர் வந்தது, போஸ்ட்டாபீஸும் இருந்தது. ஆனால் ஃபிலுவின் காலில் முள் குத்திவிட்டதாம், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். "பாவம் ஜோ, வாயில்லா ஜீவன்."

"ஒங்க பொண்ணுக்கும் இன்னும் பேச்சு வரல பிரகாஷ்."

சொல்லிவிட்டேன். அவருக்குப் பின்னாலிருந்து அத்தை குரல்: "எதுக்கு இவ்ளோ அவசரம்? கொழந்த எங்க ஓடிடப் போவுது?"

ஜூன் 14, சனி

நாத்தனார் போட்ட படம். மூன்று பேர், நடுவில் ஃபிலு — காலில் கட்டு, உடம்பில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கீழே பிரெஞ்சில், 'குடும்பம் முழுசும் இங்கே'. பிரகாஷ் இதயம் போட்டிருக்கிறார்.

இரண்டு வருஷம் கிளாஸுக்குப் போய் இந்த மொழியைப் படித்தேன். இதைப் படிக்கத்தான் போலிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

விண்ணப்பம் வரவில்லை. இருந்தாலும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். அசல் இல்லாமல் முடியாது, வேறு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மெரின் ஃபைலின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அழுவேன் என்று நினைத்தேன். பசிதான் எடுத்தது.

ஜூலை 9, புதன்

கவர் வந்தது. கையெழுத்து இருக்கிறது. கீழே அவர் கையாலேயே தேதி — மே 30.

படகு எடுப்பதற்கு எட்டு நாள் முன்பே போட்டு வைத்திருக்கிறார். போட்டுவிட்டு, எல்லாக் கதவுக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கோபம் என்றிருந்தாலாவது பரவாயில்லை. வெறும் அலட்சியம்!

'புது டைம் எடுத்தியா?' என்று மெசேஜ். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அரியாங்குப்பத்தில் பள்ளிக்கூட வேலை, முதல் நாள். பக்கத்துத் தெருக் குழந்தைக் காப்பகத்தில் மெரினை விட்டேன். இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அவள் என்னைத் தேடவில்லை.

படிவத்தில், குழந்தையை அழைத்துப்போக வருகிறவர்கள் என்று மூன்று வரி. என் பெயர் எழுதினேன். அம்மா பெயர் எழுதினேன். காப்பகத்து தீபலட்சுமி எட்டிப் பார்த்தார்.

"அப்பா பேரு எழுதலையே மேடம்?"

"அவர் வர மாட்டார்."

"வெளியூரா? லீவுல வந்தா வேணுமே. சும்மா எழுதி வைங்க."

மூன்றாவது வரியின் குறுக்கே கோடு போட்டேன்.