உருவிப் போட்ட தாள்கள்

30.8.87
டைப்ரைட்டிங் பரீட்சையில் நான் தட்டியது நாலே வரி. மூன்றாவது வார்த்தையில் ஓர் எழுத்து மாறி விழுந்தது. தாளை உருவிவிட்டு வேறு செருகினேன். அதிலும் ஒரு தப்பு. மறுபடி உருவினேன். பக்கத்து மிஷினில் செவ்வந்தி தப்பும் தவறுமாகத் தட்டி முழுசாக முடித்துவிட்டாள். ஒரு தப்புக்குக் கொஞ்சம் மார்க்தான் குறைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தப்பு விழுந்த தாளில் அடுத்த எழுத்தைத் தட்ட என்னால் முடியவில்லையே.

"நம்ம அருளு கை பட்டா தப்பே வராது" என்று சின்னசேலம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான் அண்ணன். அவனிடம் "சுமார்" என்றேன்.

16.9.87
நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு. கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம், "நீயும் போவணுமாடா?" என்றாள் அம்மா.

"ஒதுக்கீடு வந்தாத்தாம்மா அருளுக்கு வேல. நான் ரோட்டப் பாத்துக்கிறேன், அது மிஷினப் பாத்துக்கட்டும்."

20.9.87
பஸ் இல்லை. உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்களாம். போலீசுக்குப் பயந்து அண்ணன் கல்வராயன்மலைப் பக்கம் ஓடிவிட்டானாம்.

23.9.87
அண்ணனை மலையடிவாரத்தில் பிடித்துவிட்டார்கள். சப்-ஜெயில்.

25.9.87 வெள்ளி
எழுதவே கை கூசுகிறது.

வக்கீல் ஜாமீன் மனுவைக் கையால் எழுதிக் கொடுத்தார். அவருடைய டைப்பிஸ்ட் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. "சாயங்காலத்துக்குள்ள தட்டிக் குடுத்துடும்மா. வுட்டா கோர்ட்டு திங்கக்கெழமதான்" என்றார். இன்ஸ்டிடியூட்டில் போய் உட்கார்ந்தேன். முதல் தாளில் 'தனசேகரன்' என்ற அண்ணன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனது. பேனாவால் வைத்திருக்கலாம். உருவினேன். அடுத்ததில் ஓரம் கோணல். உருவினேன். அண்ணனுக்கான மனு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டாமா? அம்மா வாசலில் நின்று, "ஆச்சாடி? ஆச்சாடி?" என்று கேட்டபடியே இருந்தாள்.

ஒரு தப்பும் இல்லாத தாளை எடுத்துக்கொண்டு ஓடினோம். கோர்ட்டைப் பூட்டிவிட்டார்கள்.

28.9.87
அண்ணன் வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே அடித்திருக்கிறார்கள். இடது காது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.

மனுவைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டித் தொலைத்தால் தேவலை.

14.11.87
தாளை உருவும்போது உருளை கரகரவென்று சுற்றுமே, அந்தச் சத்தம் விடமாட்டேன் என்கிறது. அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்தினாலும் அதுதான். கூடவே, ஆச்சாடி, ஆச்சாடி. அம்மா பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறதா?

இன்ஸ்டிடியூட் பக்கமே போவதில்லை.

3.1.88
சொல்லிவிட்டேன். "புள்ளி இல்லாமயே குடுத்திருந்தா நீ வெள்ளிக்கெழமயே வந்திருப்பண்ணா."

"தெரியும். வக்கீல் சொன்னாரு" என்றான்.

இத்தனை நாளும் தெரியுமா? அழுதேன். அவன் சமாதானம் சொல்லவில்லை. காது போனது உன்னால் இல்லை என்றும் சொல்லவில்லை. "காது போனது போனதுதான். இப்ப மிஷினயும் வுட்டுட்டீன்னா, நான் இன்னாத்துக்குடி மலையில ஓடிக்கினு இருந்தேன்?" என்றான்.

27.2.88
மறுபடி பரீட்சை. இரண்டாவது வரியிலேயே விழுந்தது தப்பு. கை தானாக உருளைக்குப் போய்விட்டது. கரகர. ஆச்சாடி?

கையை இழுத்துக்கொண்டேன். ஆவல, தட்டிக்கினு இருக்கேம்மா. அடுத்த எழுத்து, அதற்கடுத்தது. அந்தத் தப்பு என் கண்ணெதிரிலேயே வரி வரியாக மேலே ஏறி, உருளைக்குப் பின்னால் சாய்ந்து மறைந்தது. அதற்குள் இன்னும் இரண்டு விழுந்திருந்தன. மணி அடித்தபோது கடைசி வரியில் இருந்தேன்.

வெளியே அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தான். "ஏழெட்டுத் தப்பு இருக்கும்ணா" என்றேன். இடது பக்கம் நின்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"இன்னா?" என்றான்.

சுற்றிப் போய் வலது பக்கம் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.