லூர்துவின் காலும் என் மூக்கும்

ஜூலை 8, செவ்வாய்

மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்போடு மல்லுக்கட்டி ஒருவழியாகப் பால் இல்லாத கட்டன் சாயா.

இன்று வீட்டுக்காரி லூ. காலுக்குக் கட்டு மாற்றும் நாள். வேலைகள்: பக்கத்து வீட்டு ஞானம்மாவின் ஃபிரிட்ஜிலிருந்து ஜெல், சுடுதண்ணீர், துணி. முடிந்தால் எனக்குச் சவரம். முடியவில்லை.

நர்ஸ் ஷீபா நனைந்துகொண்டே வந்தாள். கட்டைப் பிரித்ததும் உதட்டைப் பிதுக்கினாள். புண் அப்படியே.

"சேச்சி, ஒண்ணும் பிடிக்கலையே."

சர்க்கரைக் கால். மாத்திரை, ஊசி எதற்கும் மசியாத கிருமி. அதைத் துரத்த நல்ல கிருமியைப் புண்ணில் குடிவைப்பதுதான் இந்த ஜெல். தயிரில் இருக்கிற இனமாம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சோதனையாகத் தருகிறார். இதுவும் பிடிக்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று போன தடவையே சொல்லிவிட்டார்.

பிடித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அழுகின மணம் போகும் சேட்டா. தோசை மாவு புளிச்ச மாதிரி மணம் வரும்."

நல்ல ஆளிடம் சொன்னாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் புகையில் காலம் தள்ளிய மூக்கு. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான்.

ஜூலை 10, வியாழன்

மழை. இடுப்பு வலி. லூ.-வைத் தாங்கிப் பிடித்துக் கக்கூஸ் வரை கொண்டுபோவதற்குள் மூச்சு முட்டுகிறது. அவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சொன்னேன். முறைத்தாள்.

ஞாயிறு சர்ச் அன்பியக் கூட்டம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும். இந்த முறை ஜெபம் நம் வீட்டில். "வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லுங்க" என்கிறாள். ஏன் என்றால் போர்வையை இழுத்துக் காலை மூடுகிறாள். சண்டை. இருவரும் பட்டினி.

ஜூலை 11, வெள்ளி

பைப்பில் தண்ணீர் வரவில்லை, பாதியில் திரும்பினேன். பார்த்தால், கட்டைப் பிரித்து வைத்து, கிருமி கொல்லும் டிஸ்பென்சரி லோஷனை ஊற்றிப் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்! தினமும் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இதே வேலையாம். திரும்ப அச்சு அசலாகக் கட்டியும் விடுவாளாம்.

"வீட்டுக்கு வாரவுக மூக்கப் பொத்திக்கிட்டா உக்காரணும்? எனக்கு மானக்கேடா இருக்காதா?"

"எனக்கு ஒரு வாடையும் வரலயே."

"உங்க மூக்குக்கு என்ன தெரியும்? ஊருக்கு மூக்கு இருக்குல்லா."

ஷீபாவை வரவழைத்துச் சொல்லிவிட்டேன். தலையில் கைவைத்தாள். "அய்யோ சேச்சி! அந்த லோஷன் நல்லது கெட்டது பாக்காது. நான் வெச்சதெல்லாம் செத்துப்போச்சு." திட்டவில்லை. லூ. கையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை டாக்டர் பாக்கும். அதுவரை தொடாதே கேட்டோ" என்றாள். புண்ணை உப்புத் தண்ணீரில் அலசிப் புது ஜெல் வைத்தாள். லோஷன் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள்.

லூ. தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது. அந்தக் காலால் எவ்வளவு மேடு ஏறி ஏலக்காய் பறித்தவள்.

ஜூலை 12, சனி

நேற்று ராத்திரியிலிருந்து கரண்ட் இல்லை. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். கிரைண்டர் ஓடாது. நாளை வருகிறவர்களுக்குத் தோசை இல்லை, ரஸ்க்தான்.

"கொஞ்சூண்டு லோஷன் வாங்கிட்டு வாங்களேன். நாளைக்கு மட்டும்."

முடியாது என்றேன். அழுதாள். நான் பின்பக்கம் போய் அழுதேன். பயமாக இருக்கிறது. பாதம் போனால் அவள் படுக்கையை விட்டு எழவே மாட்டாள். எனக்குத் தெரியும். களைப்பு. போதும்.

ஜூலை 13, ஞாயிறு

கரண்ட் இன்னும் வரவில்லை. சாம்பிராணி வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் வசவு.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். லூ. கட்டில் ஓரத்தில், காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, திருடிப் பிடிபட்டவள் மாதிரி. ஞானம்மா நேராகப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஜெபம் முழுக்க என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

பாட்டு முடிந்ததும் ஞானம்மா மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும். லூ. என்னைப் பார்த்தாள்.

"ஏக்கா, அடுப்படில மாவு பொங்கி வழியுதா? புளிச்ச வாடை அடிக்கே."

லூ. போர்வையை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாடி. பொங்கிருச்சு போல" என்றாள்.

வீட்டில் மாவே இல்லை.